பன்னி வேட்டைக்குப் பிளான் போட்ட கதை

எங்க நைனா பன்னி வளத்தார். இந்த ஒரு வரியைப் பேப்பர்ல எழுத எனக்கு நாப்பத்தஞ்சு வயசு தாண்ட வேண்டியிருந்தது.

நைனா காண்டிராக்ட் கூலி. மணலியைச் சுத்தியிருக்கிற கம்பெனிகள்ல ஏதாவது ஒரு கேட்டுக்கு முன்னால காலையில போய் நிப்பார். மாசத்துல பதினஞ்சு நாள் உள்ள விடுவாங்க. மீதிப் பதினஞ்சு நாளும் 'நாளைக்கு வா'தான். அந்தப் பதினஞ்சு நாளுக்கு அடுப்பு எரிய வச்சது பன்னி. வீட்டுக்குப் பின்னால காலி மனை, வேலிக்காத்தான் முள்ளு, தேங்கின தண்ணி. அதுக்கு மேல பன்னிக்கு என்ன வேணும்? ஒரு தாய்ப்பன்னி, ரெண்டு மூணு குட்டி. அம்மா ஓட்டல் எச்சிலைத் தகர டின்ல வாங்கி வந்து ஊத்துவாங்க.

மணலி புதுநகர் எம்.எம்.டி.ஏ. கோடு போட்டுப் பிரிச்ச ஊர். கம்பெனிங்க வந்தப்புறம், வேலை செய்றவங்க குடியிருக்கணும்னு பிளாக் பிளாக்கா மனை அளந்து விட்டாங்க. எனக்கு அந்த ஊர்ல பிடிச்ச விஷயம் ஒண்ணு உண்டு. கிராமத்துக்காரன் தெருப் பேரைச் சொன்னாலே அவன் ஊரா சேரியான்னு தெரிஞ்சிடும். புதுநகர்ல பிளாக் நம்பரைத்தான் சொல்லணும். நம்பருக்கு ஜாதி இல்லைன்னு நெனச்சேன். ஆனா பன்னி காட்டிக் கொடுத்துடும். ஸ்கூல்ல என் பேரு 'பன்னிக்காரன் பையன்'. வாத்தியாரே அப்படித்தான் கூப்பிட்டார்.

ஞாயித்துக்கிழமை ஒண்ணு விழும். நைனா கால் நாலையும் கட்டி, ஒரே குத்து. அப்புறம் தென்னோலையைக் கொளுத்தி வாட்டுவார். மயிர் கருகற நாத்தம் மூணு தெருவுக்குப் போகும். கத்தியால சுரண்டி, மஞ்சத் தண்ணி ஊத்திக் கழுவினா வெள்ளையா வார் தெரியும். பகல்ல வாங்கறது எங்க ஜனம். பொழுது சாஞ்சப்புறம் தூக்குச்சட்டியைத் துணியில மூடிக்கிட்டுப் பின்பக்கமா வர்றவங்க வேற ஜனம். மூலத்துக்குப் பன்னிக்கறி நல்லதாம். மருந்துக்குன்னு சொல்லித்தான் கேப்பாங்க, "கொஞ்சம் வாரோட போடு"ன்னும் சேத்துச் சொல்லுவாங்க. அந்தத் தெருவுல எத்தினி பேருக்கு மூலம் இருந்ததுன்னு எங்களுக்குத்தான் தெரியும்.

மண்டையை மட்டும் நைனா குழி தோண்டிப் புதைச்சிடுவார். தெருநாய் இழுத்துக்கிட்டுப் போய் யார் வீட்டு வாசல்லயாவது போட்டா சண்டை வரும். ஒரு தபா வந்தது. அன்னைக்கு நைனா அந்த வீட்டு வாசலைத் தண்ணி ஊத்திக் கழுவி விட்டுட்டு வந்தார். நான் பாத்துக்கிட்டே நின்னேன்.

கடைசியில ஒருநாள் பன்னி புடிக்கிற வண்டி வந்தது. சினையா இருந்த தாய்ப்பன்னியையும் சேத்துத் தூக்கிப் போட்டுக்கிட்டுப் போயிட்டாங்க. அதோட முடிஞ்சது. நைனா 2009இல் செத்தார். நான் பி.காம். முடிச்சு ஒரு கண்டெய்னர் யார்டுல கிளார்க்கா உக்காந்தேன். எங்க வீட்டுல பன்னிக்கறி ஆக்கறது நின்னது. யாரும் நிறுத்தச் சொல்லலை. தானா நின்னது. ஃபன்றி-ன்னு ஒரு மராத்திப் படம், நாகராஜ் மஞ்சுளே எடுத்தது, 2013இல் வந்தது. பன்னி புடிக்கிற குடும்பத்துப் பையனோட கதை. அதைப் பாத்துட்டு ரெண்டு நாள் நான் யாரோடயும் சரியாப் பேசலை. எம் பொண்டாட்டிகிட்டகூடக் காரணம் சொல்லலை.

இதெல்லாம் சொன்னாத்தான் அந்தமான்ல நடந்தது புரியும்.

எந் தங்கச்சியைக் கட்டினவரு போர்ட் பிளேர்ல இருக்கார். (2024இல் ஸ்ரீ விஜயபுரம்னு பேர் மாத்திட்டாங்க. நாங்க போனப்ப போர்ட் பிளேர்தான்.) திருவொத்தியூர்ப் பையன். வெல்டிங் தெரியும். ஒரு காண்டிராக்டர்கிட்ட வேலைக்குப் போனவரு அங்கேயே தங்கிட்டார். 2019 பிப்ரவரியில "ஒரு தபா வந்துட்டுப் போங்க மச்சான், பிள்ளைங்க கடலைப் பாக்கட்டும்"னு கூப்பிட்டார். எண்ணூர்ப் பக்கத்துப் பிள்ளைங்களுக்குக் கடலைக் காட்ட மூணு நாள் கப்பல் போவணுமான்னு சிரிச்சேன். ஆனா எங்க பிள்ளைங்க பாத்த கடல்ல தண்ணி நீலமா இருந்ததில்லை, அதுவும் நெசம்தான்.

பிழைக்கறதுக்குக் கப்பல் ஏறினவங்க எங்க ஜனத்துல நெறைய. ரங்கூனுக்குப் போனாங்க, அடிபட்டுத் திரும்பி வந்தாங்க, எங்க பக்கம் பர்மா நகர்னே இருக்கு. டூர் போறதுக்குக் கப்பல் ஏறினது எங்க குடும்பத்துல நான்தான் மொதல். பங்க் கிளாஸ் டிக்கெட். ஹார்பரை விட்டு வெளிய வந்தப்ப வடக்கால கம்பெனிச் சிம்னிங்க கொஞ்ச நேரம் தெரிஞ்சுது. எம் பையன் அதுங்களுக்கு டாட்டா காட்டினான்.

போய் மூணாம் நாள் ராத்திரி மாப்ள சொன்னார்: "மச்சான், சனிக்கிழமை ஒரு புரோகிராம். காட்டுப்பன்னி. நம்ம காண்டிராக்டர் ஏற்பாடு. உங்களையும் இட்டாரச் சொன்னார்."

எனக்கு உடம்பு ஜிவ்வுன்னது. பொய் சொல்ல மாட்டேன், ஆசைதான். வேட்டைன்னா ராஜா சமாச்சாரம். பன்னியை வளத்தா கேவலம், அதையே ஓடவிட்டுக் கொன்னா வீரம். மாமல்லபுரத்துல வராகத்தைப் பாறையில செதுக்கி வச்சிருக்காங்க, பூமாதேவியை மடியில தூக்கி வச்சிருக்கும். திருவிடந்தையில அதே பன்னிமூஞ்சி சாமிக்குத்தான் கல்யாணம் ஆவாத பிள்ளைங்களுக்கு வேண்டிக்கிட்டு மாலை சாத்தறாங்க. சாமியாப் பன்னி உண்டு, வேட்டையாப் பன்னி உண்டு. எங்க வீட்டுப் பின்னாடி இருந்தது மட்டும்தான் பன்னி. அந்த ராத்திரி நான் வேட்டைப் பன்னியோட பக்கம் போவப் போறேன்னு நெனச்சுக்கிட்டுத் தூங்கினேன்.

நடுவுல ஒருநாள் பாராடாங் போனோம், சுண்ணாம்புக் குகை பாக்க. அதுக்கு ஜார்வா ஜனங்களோட காட்டை அறுத்துக்கிட்டுப் போற டிரங்க் ரோட்டுல போவணும். ஜிர்காடாங் செக்போஸ்டுல விடியறதுக்கு முன்னாடியே வண்டிங்களை வரிசையா நிக்க வச்சு, நேரம் பாத்துக் கூட்டமா விடறாங்க. போட்டோ எடுக்காதே, தின்ன எதுவும் கொடுக்காதேன்னு போர்டு. அந்தக் காட்டுக்குள்ள ரோட்டை மூடச் சொல்லி 2002இலேயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. ரோடு தொறந்துதான் இருக்கு. 2012இல் ஜார்வாப் பொம்பளைங்களை ஆடவிட்டு வீடியோ எடுத்தது உலகம் பூரா நாறிச்சு. எங்க பஸ்ல இருந்த ஜனமும் கண்ணாடியில மூஞ்சியை ஒட்டிக்கிட்டுத்தான் வந்தது, மிருகக்காட்சி சாலைக்குள்ள போற மாதிரி. நானும் ஒட்டிக்கிட்டுத்தான் வந்தேன்.

எம் பையன் சத்தமாக் கேட்டான், "அத்தை, அவுங்க இன்னா சாப்புடுவாங்க?"

"மீனு, தேனு, உடும்பு. பெருசாப் பன்னிதான்டா. வில்லால அடிச்சுத் தின்னுவாங்க."

"நம்ம தாத்தா மாதிரியா?"

பஸ்ல நாலு தலை திரும்பிச்சு. எந் தங்கச்சி அவன் வாயைப் பொத்தினா. நான் ஜன்னலுக்கு வெளிய பாத்தேன். ஒரு ஜார்வாவும் தெரியலை.

திரும்பி வந்தப்புறம் போர்ட் பிளேர்ல இருக்கிற மானிடவியல் மியூசியத்துக்குப் போனோம். ஜார்வா ஆம்பளைங்க வேட்டைக்குப் போறப்ப மாருல கட்டிக்கிற மரப்பட்டைக் கவசம் ஒண்ணு வச்சிருந்தாங்க. அந்தமான் பழங்குடிங்க அடிச்ச பன்னியோட மண்டையோட்டைப் பிரம்பால கட்டிக் குடிசையில தொங்க விடுவாங்களாம். தெக்கால கார் நிக்கோபார்ல பன்னித் திருவிழாவே உண்டு. செத்துப்போன பெரியவங்களை நெனச்சு, வருசக்கணக்கா வளத்த பன்னிங்களை அறுத்து ஊருக்கே போடற விழா. எத்தினி பன்னி போட்டான்றதுதான் அந்தக் குடும்பத்துக்குக் கவுரவம். எங்க நைனா மண்டையை மண்ணுக்குள்ள புதைச்சார்.

வெள்ளிக்கிழமை ராத்திரி பிளான் போட உக்காந்தோம். காண்டிராக்டர் வீட்டு மாடி. அவரு தெக்கத்திக்காரர், நாப்பது வருசமா தீவுல இருக்கார். நல்ல மனுசன்னு மாப்ள சொன்னார், அட்வான்ஸ் கேட்டா இல்லேங்காதவரு. அவரோட ரெண்டு கூட்டாளிங்க. ஓரமா தரையில குந்திக்கிட்டு ஒரு ராஞ்சிக்காரர், அறுவது வயசிருக்கும். ராஞ்சின்னா அங்க ஒரு ஜாதி மாதிரி. 1918 வாக்குல வெள்ளைக்காரன் காடு வெட்டறதுக்காக சோட்டாநாக்பூர்லேர்ந்து ஓராவ், முண்டா, கரியா ஜனங்களைக் கூலிக்கு இட்டாந்தான். அவுங்க பிள்ளைங்க, பேரப் பிள்ளைங்கதான் இவுங்க. காடும் தடமும் தெரிஞ்சவங்க.

"வாங்க சார், உக்காருங்க. மெட்ராஸ்ல எந்தப் பக்கம்?"

"மணலி புதுநகர் சார்."

"அப்படியா, சந்தோசம்." நம்பர் வேலை செஞ்சது.

காலண்டர் தாளைக் கிழிச்சு, பின்னால எழுத ஆரம்பிச்சார். ஜீப்பு அவரது. பெட்ரோல் கூட்டாளி. சரக்கு, ஐஸ்பெட்டி மாப்ள. ஃபெரார்கஞ்ச் தாண்டி, காட்டை ஒட்டியிருக்கிற ஒரு ஊர் வரைக்கும் ஜீப்பு. அப்புறம் நடை. பைக் கிளட்ச் ஒயர்ல செஞ்ச சுருக்கு பதினஞ்சு. ஈட்டி ரெண்டு. நாய் நாலு, ராஞ்சிக்காரரோடது. நாய் பன்னியைச் சுருக்குப் பக்கமா ஓட்டும், இல்லாட்டி மடக்கி நிறுத்தும், ஈட்டிக்காரன் முடிப்பான். 1858இல் வெள்ளைக்காரன் கைதிங்களை இறக்கறதுக்கு முன்னால அந்தமான்ல நாயே கிடையாதாம். இப்ப நாய் இல்லாம வேட்டையே இல்லை.

"வெட்ட ஆளு வேணும்லா? போன தடவை தோலை நாறடிச்சிட்டானுவ."

மாப்ளைக்கு ரெண்டு ரவுண்டு உள்ள போயிருந்தது. பெருமையாத்தான் சொன்னார். அதுல சூது ஒண்ணும் இல்லை. "எங்க மச்சான் இருக்காரே! அவுங்க நைனா பன்னி வளத்தவரு. வாட்டறதுலேர்ந்து வார் எடுக்கறது வரைக்கும் கைவந்த கலை."

ஒரு நிமிசம் யாரும் பேசலை. கூட்டாளி ஒருத்தர் காண்டிராக்டரைப் பாத்தார், அவரு என்னைப் பாத்தார். சிரிச்ச மூஞ்சிதான். "அப்ப நீ வெட்டிருவேல்ல?"

'நீங்க'வும் 'சாரு'ம் எந்த எடத்துல எறங்கிச்சுன்னு தேடிப் பாத்தேன். கெடைக்கலை. தாள்ல எழுதினார்: வெட்டு, மெட்ராஸ் மச்சான். அடுத்த வரி: சமையல். பேனா நின்னுச்சு. "சமையலுக்கு நம்ம பையன் ஒருத்தன் வருவான். சட்டிபானை எல்லாம் அவனே கொண்டாருவான். நீ வெட்டிக் கொடுத்துட்டு ஒதுங்கி ரெஸ்ட் எடு."

பன்னியை என் கையால வெட்டலாம். அந்தச் சட்டியில என் கை படக் கூடாது. கடல் தாண்டி மூணு நாள் வந்திருக்கேன்.

ஒரு விவரத்தை இங்கே சொல்லணும். மாணவத் தோழர்கள் பல பேருக்கு இது தெரியாது. பட்டியல் சாதின்றது மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனி லிஸ்ட். அந்தமான் நிக்கோபாருக்கு அந்த லிஸ்டே கிடையாது. 2011 சென்சஸ்ல அந்தத் தீவுகள்ல எஸ்.சி. எண்ணிக்கை பூஜ்யம். எஸ்.டி. லிஸ்டுல ஆறு பேர்: அந்தமானீஸ், ஜார்வா, ஓங்கே, சென்டினலீஸ், நிக்கோபாரீஸ், ஷோம்பென். ஜார்க்கண்டுல எஸ்.டி.யா இருக்கிற ராஞ்சிக்காரர் இங்க எஸ்.டி. இல்லை. தமிழ்நாட்டுல எஸ்.சி.யா இருக்கிற நான் இங்க எஸ்.சி. இல்லை. சர்க்கார் காகிதத்துல ரெண்டு பேருக்கும் ஒரு அடையாளமும் கிடையாது. காலண்டர் தாள்ல இருந்தது. நாய்க்கு அவரு, வெட்டுக்கு நான்.

சட்டமும் இருக்கு. 1972 வனவிலங்குச் சட்டத்தோட முதல் அட்டவணையில அந்தமான் காட்டுப்பன்னி இருக்கு, புலி, யானையோட ஒரே வரிசையில. நம்ம ஊர்ல 2025 ஜனவரியில, காப்புக்காட்டுலேர்ந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால வயல்ல இறங்கற காட்டுப்பன்னியை வனத்துறை சுடலாம்னு அரசாங்கமே சொல்லிடுச்சு. அந்தமான்ல அப்படி இல்லை. மாட்டினா மூணு வருசத்துலேர்ந்து ஏழு வருசம் ஜெயில். மாட்டறது யாரு? ஜீப்பு வச்சிருக்கிறவன் ஜீப்புல போயிடுவான். நாயை வச்சிருக்கிறவனும் கையில ரத்தத்தை வச்சிருக்கிறவனும்தான் நிப்பாங்க. இதையெல்லாம் அன்னைக்கு ராத்திரியே யோசிச்சேன்னு சொன்னா அது பொய். அன்னைக்கு என் மண்டைக்குள்ள ஓடினது சட்டி மட்டும்தான்.

கீழ எறங்கி வந்தப்ப ராஞ்சிக்காரர் பீடி பத்த வச்சுக்கிட்டு நின்னார். எனக்கு இந்தி அரைகுறை, மாப்ள சொல்லிக்கிட்டே வந்தார். அவரு சின்னப் பையனா இருந்தப்ப வீட்டுக்குப் பின்னாடியே பன்னி வருமாம். இப்ப ஓடை வரைக்கும் போனாலும் தடம் இல்லையாம். ஓடைக்கு அந்தப் பக்கம்தான் இருக்கு. "உதர் ஜார்வா கா சூவர் ஹை"ன்னார். அந்தப் பக்கம் இருக்கறது ஜார்வாவோட பன்னி. காண்டிராக்டர் எழுதின பதினஞ்சு சுருக்கும் ஓடைக்கு அந்தப் பக்கம் போடறதுக்குத்தான்.

"அப்ப ஏன் போறீங்க?"

அவரு என்னை ஒரு மாதிரியாப் பாத்தார். இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாதவன் மெட்ராஸ்லேர்ந்து வந்திருக்கானேன்ற மாதிரி. "காம் தேதா ஹை"ன்னார். வேலை கொடுக்கறாரு. மாப்ள அதைத் தமிழ்ல சொல்லலை. சொல்ல வேண்டியதும் இல்லை, அவருக்கும் அதேதான்.

ஜார்வாங்க 1997, 98 வாக்குலதான் வெளி ஜனத்தோட பகை இல்லாமப் பழக ஆரம்பிச்சாங்க. 1999இல் தட்டம்மை வந்து படுத்தாங்க. 2011 கணக்குல நானூறு பேருக்கும் கம்மி. அவுங்க காட்டுக்குள்ள பூந்து வெளியாளுங்க பன்னி அடிக்கறது ரொம்ப வருசமா இருக்கிற புகார். வெள்ளைக்காரன் கொண்டாந்து விட்ட புள்ளிமான் அந்தக் காட்டுல பெருகிக் கெடக்கு, ஆனா அவுங்க பரம்பரையா மான் தின்னறவங்க இல்லை. பன்னி போச்சுன்னா சோறு போச்சு. எங்க நைனாவோட தாய்ப்பன்னியைத் தூக்கிக்கிட்டுப் போன வண்டி எனக்கு அப்பதான் ஞாபகம் வந்தது. இந்தத் தபா அந்த வண்டியில நான் உக்காந்திருப்பேன்.

நான் ஒண்ணும் எதுத்துப் பேசலை. கட்டுரைன்றதால இங்க ஒரு வசனம் வச்சு எழுதிடலாம், ஆனா நடந்தது அது இல்லை. சனிக்கிழமை மத்தியானம் "வயித்தால போவுது மாப்ள"ன்னேன். படுத்துக்கிட்டேன். எந் தங்கச்சி ஓமத்தண்ணி வச்சுக் கொடுத்தா. கொடுத்துட்டுப் பக்கத்துல உக்காந்து, "சட்டி விசயமாண்ணா?"ன்னா. மாப்ள அவகிட்ட சொல்லியிருக்கார். "நாங்க இங்க தண்ணிச் சொம்பு தனியாதான் எடுத்துக்கினு போவோம் சைட்டுக்கு. யாரும் கேக்கலை. நாங்களே எடுத்துக்கினு போவோம்"ன்னா. இத்தினி வருசத்துல இதை எங்கிட்ட அவ போன்ல சொன்னதில்லை.

எனக்குப் பதிலா வெட்டறதுக்கு மாப்ள போனார். அவருக்குக் கோழி வெட்டக்கூடச் சரியா வராது.

ஞாயித்துக்கிழமை விடியக்காலை வந்தார். பன்னி கெடைக்கலை. ஒரு சுருக்குல மான் மாட்டிச் செத்து ரெண்டு மூணு நாளாகி நாறிக்கெடந்ததாம், யாரோ முன்னாடி போட்ட சுருக்கு. தேத்தாங்கட்டையா ஒரு ஆண்பன்னி, நாய் மடக்கினப்ப திரும்பி ஒரே இழுப்பு. ஒரு நாய்க்கு வயிறு கிழிஞ்சுபோச்சு. ராஞ்சிக்காரர் அந்த நாயை மாரோட அணைச்சுக்கிட்டே ஓடை வரைக்கும் நடந்தாராம். ஜீப்புல ரத்தம் ஆவும்னு நாயை ஏத்த விடலை. அவரு நடந்தே போனார். அந்தச் சமையல்காரப் பையன் பிராய்லர் கோழி வாங்கிச் சமைச்சான். மாப்ளைக்கு இலையில போட்டாங்க, கொஞ்சம் தள்ளி.

அப்புறம் ரெண்டு நாள் அவரு என்னோட சரியாப் பேசலை. கோவம் எம் மேலயா, வேற எதுமேலயான்னு தெரியலை. காண்டிராக்டர் எதுவும் கேக்கலையாம். அடுத்த மாசம் லாங் ஐலண்டு வேலைக்கு மட்டும் வேற வெல்டரை இட்டுனு போனார். இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கா இல்லையான்னு இன்னிவரைக்கும் எங்களுக்குத் தெரியாது.

கப்பல் ஏறற அன்னைக்கு ஜெட்டிக்கு எல்லாரும் வந்தாங்க. தங்கச்சி கருவாட்டுப் பொட்டலத்தைக் கட்டிக் கொடுத்தா. மாப்ள என்னைத் தனியா இட்டுனு போய்ச் சட்டைக்குள்ளேர்ந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். அவரோட ஜாதிச் சர்டிபிகேட், பழசு, மடிச்ச எடத்துல கிழிய இருந்தது. அவரு பொண்ணு அங்க பொறந்தவ, அப்ப அஞ்சாவது படிச்சா. தீவுல அவளுக்கு இந்தச் சர்டிபிகேட் கெடைக்காது, லிஸ்டே இல்லையே. நாளைக்கு அவ மெட்ராஸ் வந்து காலேஜ் சேரணும்னா அப்பன் காகிதத்தை வச்சு நம்ம பக்கத்துத் தாலுகா ஆபீஸ்லதான் வாங்கணும்.

"அலைய வேண்டியிருக்கும் மச்சான்"னார்.

"அலையறேன் மாப்ள"ன்னேன்.

மூணு நாளும் அந்தக் கவரைத் தலைகாணிக்கு அடியில வச்சுக்கிட்டுப் படுத்தேன். ரெண்டாம் நாள் கடல் கொந்தளிப்பு, பங்க்ல எல்லாருக்கும் வாந்தி. எம் பையன் அதுக்கு நடுவுல எழுப்பிக் கேட்டான், "நைனா, தாத்தா பன்னியை எங்க வச்சு வளத்தாரு?" ஊருக்குப் போனதும் காட்டறேன்னு சொன்னேன். அந்தக் காலி மனையில இப்ப ரெண்டு மாடி வீடு நிக்குது. பின்பக்கச் சுவரோரம் மட்டும் கொஞ்சம் மண் இருக்கு. அந்த எடத்தை அவனுக்குக் காட்டினேன்.